ஓரத்தில் நின்ற தாய்மாமன்

திண்டுக்கல்லில் இப்போது மேடைக்கு இரண்டு பக்கமும் டிவி தொங்காத மண்டபம் கிடையாது. கல்யாணமோ காதுகுத்தோ, வந்தவர்கள் மேடையைப் பார்ப்பதில்லை, டிவியைத்தான் பார்க்கிறார்கள். அதில் படம் ஓடவைக்கிற ஆட்கள் ஊரில் நாலைந்து பேர் இருக்கிறார்கள். வேலை சுத்தம் என்று பெயரெடுத்தவள் சூர்யகலா. ஆனால் நாகல்நகரில் கடைக்கு மேலே மாட்டியிருக்கும் பலகையில் அவள் பெயரைத் தேடினால் கண்தான் வலிக்கும். ‘பொன்னுத்துரை ஒலி ஒளி பந்தல்’ என்றுதான் இருக்கும். பொன்னுத்துரை அவளுடைய கணவனின் அண்ணன். மைக்கில் ‘ஹலோ ஹலோ’ சொல்வதைத் தாண்டி அவருக்கு எந்தக் கருவியும் தெரியாது.

சூர்யகலா அகரத்துக்காரி. அப்பா இளம் வயதிலேயே போய்விட்டார். அண்ணன் சடையாண்டிதான் கத்தரித் தோட்டத்தோடு மல்லுக்கட்டி அவளைக் கம்ப்யூட்டர் படிக்க வைத்தான். படிப்பு முடிந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லேப்டாப் சர்வீஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேதான் கம்ப்யூட்டரை இயக்குகிற லினக்ஸ் பழகியது. மற்றவர்கள் வயரைச் செருகிப் படம் வந்துவிட்டால் டீ குடிக்கப் போய்விடுவார்கள். இவள் அந்தப் படம் எப்படி வந்தது, ஏன் இப்படி வந்தது என்று உள்ளே போய்ப் பார்த்தாள்.

உள்ளே பார்த்தால், வெளியே டிவி செருகுகிற ஒவ்வொரு துளைக்கும், படத்தை வெளியே அனுப்புகிற கிராபிக்ஸ் டிரைவர் என்ற மென்பொருள் தனித்தனியாக ஒரு கொத்து செட்டிங் வைத்திருக்கிறது. சிலவற்றைப் பார்க்கத்தான் முடியும், யார் வந்தாலும் மாற்ற முடியாது. சிலவற்றுக்கு இங்கிருந்து இதுவரை என்று எல்லை உண்டு, அதற்குள் எந்த எண்ணையும் கொடுக்கலாம். இன்னும் சிலவற்றில் அதுவே மூன்று நான்கு பதிலை வைத்துக்கொண்டு, இதில் ஒன்றைச் சொல், வேறு பேசாதே என்னும். சூர்யகலாவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிற ஒன்றை அவள் வாழ்க்கையில் அப்போதுதான் சந்தித்தாள்.

பிறகு அருண்பாண்டிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அருண்பாண்டி நல்லவன் என்று எல்லாரும் சொல்வார்கள். எதற்கும் வாயைத் திறக்காத ஆம்பிளைக்கு நம்மூரில் வைத்திருக்கிற பெயர் அதுதான். அண்ணன் நில் என்றால் நிற்பான், உட்கார் என்றால் உட்காருவான். பொண்டாட்டியை அண்ணன் கரித்துக்கொட்டும்போது மட்டும் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போய்விடுவான்.

அந்தக் கடைக்கு டிவி வேலையைக் கொண்டுவந்தவள் சூர்யகலா. தெருப் பந்தல்களில் வைக்கிற திரைகளை வாங்கியது அவளுடைய நகையை அடகு வைத்து. தொழில் சூடுபிடித்ததும் பொன்னுத்துரை, “எங்க கடைச் செட்டு” என்று பேச ஆரம்பித்தார். சேதி அகரத்துக்கு எட்டியது. சடையாண்டி மறுநாளே டிராக்டரோடு வந்து இறங்கினான். கடைத்தெருவே வேடிக்கை பார்க்க, அத்தனை திரைகளையும் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போய்த் தன் தோட்டத்து மோட்டார் ரூமில் வைத்துப் பூட்டிவிட்டான். முகூர்த்த மாதம். பொன்னுத்துரை வேறு வழியில்லாமல் அகரம் போய், வரப்பில் நின்று, “தங்கச்சி செட்டுத்தான் மாப்ள, நான் இல்லேங்கல” என்று சொல்லித்தான் திருப்பிக்கொண்டு வந்தார். அன்று மூக்கறுபட்டவர் அதை மறப்பாரா? அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது சூர்யகலாவின் மகளுக்குக் காதுகுத்து வந்தது.

காதுகுத்து என்றால் இந்தப் பக்கம் தாய்மாமன்தான் ராஜா. தட்டுத் தட்டாகச் சீர் எடுத்து, மேளத்தோடு வந்து, அவன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துத்தான் ஆசாரி ஊசியைத் தொடுவார். அவன் மனம் கோணினால் பிள்ளை காது மூளியாகவே இருக்கும். அன்றைக்கு டிவியில் நாள் முழுக்க நிற்கப்போகிற வரவேற்புப் படத்தைச் சூர்யகலா தயார் செய்தாள். நடுவில் பாப்பா, பக்கத்தில் அண்ணன். அதைப் பார்த்ததும் பொன்னுத்துரைக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

“எங்க வீட்டு விசேசத்துல நடுநாயகமா அவன் நிப்பானோ? நாங்கள்லாம் எங்கிட்டுப் போய் நிக்க?”

“மாமன் மடியிலதான மாமா காதே குத்தப் போறாங்க.”

“குத்தட்டும். படத்துல நடுவுல நாங்க. அவன வேணும்னா ஓரத்துல போடு. இஷ்டம் இல்லேன்னா போடாத.”

அருண்பாண்டி செருப்பைத் தேடினான். சூர்யகலா பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். நடுவில் பொன்னுத்துரையும் அவர் கூட்டமும். வலது ஓரத்தில் கோயில் கோபுரம். இடது ஓரத்தில், சட்டத்தை ஒட்டி, அண்ணன். ஓரமோ நடுவோ, முழுசாக இருக்கிறான் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டாள். அங்கே அவள் விட்டுக்கொடுத்திருக்கக் கூடாது.

நத்தம் ரோட்டு மண்டபத்தில் தொங்கிய டிவிகள் பழசு. அந்த மாதிரி டிவிகளுக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. வருகிற படத்தைக் கொஞ்சம் ஊதிப் பெரிதாக்கி, நாலு ஓரத்தையும் சட்டத்துக்கு வெளியே தள்ளிவிடும். ரிமோட்டில் சரிசெய்யலாம் என்றால் மண்டபத்தில் ரிமோட் தொலைந்து எத்தனையோ காலம். அதனால் சூர்யகலா முந்தின நாளே போய் லேப்டாப் பக்கமிருந்து சரிசெய்தாள். அண்டர்ஸ்கேன் என்று டிரைவரில் ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு, பக்கவாட்டில் இவ்வளவு சுருக்கு, மேலும் கீழும் இவ்வளவு சுருக்கு என்று தனித்தனியாக எண் கொடுக்க வேண்டும். டிவி ஊதினாலும் படம் சட்டத்துக்குள் சரியாக வந்து உட்காரும். அண்ணனுடைய சட்டைக் கை வரைக்கும் தெரிகிறதா என்று எட்ட நின்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள்.

காதுகுத்து அன்று அவள் பிள்ளையைப் பெற்றவள், மேடையில் இருக்க வேண்டும். லேப்டாப்பில் யார் உட்காருவது? பொன்னுத்துரையின் மருமகன் கமலக்கண்ணன் இருந்தான். மாமனார் கண்ணைக் காட்டினால் காரியத்தை முடிக்கிற பையன். கடையை நாளைக்கு அவன் கையில் கொடுக்கத்தான் மாமனார் அவனைச் சூர்யகலாவிடம் தொழில் பழக அனுப்பியிருந்தார். அது தெரிந்தும் அவள் ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்தாள். எந்த எண்ணை மாற்றினால் எந்தப் பக்கம் விரியும் என்பதுவரை சொல்லிக்கொடுத்தாள். தொழிலில் வஞ்சகம் பண்ணத் தெரியாதது அவளுடைய குணம். அந்தக் குணத்தை வைத்துத்தான் அவள் தலையில் மிளகாய் அரைத்தார்கள்.

மேளச் சத்தத்தோடு அகரத்துக் கூட்டம் வந்தது. மேடைக்கு எதிர்க்கோடியில், லேப்டாப் மேசைக்குப் பக்கத்து வாசலில் ஆரத்திக்காகச் செத்த நேரம் நின்றுவிட்டு, சடையாண்டி மாலையோடு மேடைக்கு ஏறினான். வந்து உட்கார்ந்தவன் முகம் சரியில்லை. வெயிலில் நடந்து வந்த களைப்பு என்று சூர்யகலா நினைத்தாள். மேடையில் இருப்பவர்களுக்கு டிவி தெரியாது, அது சபையைப் பார்த்துத் தொங்குகிறது. முன்வரிசையில் அகரத்துப் பெண்கள் ஒருவரை ஒருவர் இடித்துக் காட்டியதைத்தான் அவள் பார்த்தாள். அப்புறம் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. அகரத்து ஆட்களில் ஒருவன் எழுந்து கத்தினான்.

“யோவ், எங்காளு பாதி மூஞ்சி எங்கய்யா?”

சூர்யகலா பிள்ளையை அருண்பாண்டி கையில் திணித்துவிட்டு இறங்கி ஓடினாள். நல்ல நேரத்தில் பெற்றவள் மேடையை விட்டு இறங்கலாமா என்று நாலு கிழவிகள் முனகினார்கள். அவள் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். இரண்டு டிவியிலும் பொன்னுத்துரை பளபளவென்று நடுவில் நின்றார். ஓரத்தில் அவள் அண்ணனுக்கு ஒரு கண், அரை மூக்கு, அரை மீசை. மிச்சம் சட்டத்துக்கு வெளியே போயிருந்தது. லேப்டாப் மேசைக்கு ஓடினாள்.

“தள்ளு மாப்ள” என்றாள்.

“நான் ஒண்ணும் தொடல சின்னத்த. அதுவா போச்சு” என்றபடி கமலக்கண்ணன் எழுந்தான்.

அவள் கட்டளையைத் தட்டினாள். டிரைவர் ஒளிவுமறைவில்லாமல் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னது. அண்டர்ஸ்கேன் போட்டபடியே இருந்தது. மேலும் கீழும் அவள் கொடுத்த எண் அப்படியே இருந்தது. பக்கவாட்டு எண் மட்டும் பூஜ்யம். ஒரு டிவிக்கு அல்ல, இரண்டுக்கும். லேப்டாப் அணைந்து எழுந்திருந்தால் மூன்றும் சேர்ந்து போயிருக்கும். டிவி கோளாறு என்றால் இந்த எண் மாறவே மாறாது. யாரோ உட்கார்ந்து, நிதானமாக, இது ஒன்றை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். இந்த மண்டபத்தில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி மேடையில் இருந்தாள்.

அவள் நிமிர்ந்து கமலக்கண்ணனைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான்.

எண்ணைத் திருப்பிப் போட்டாள். சடையாண்டியின் முகம் முழுசாகத் திரும்பி வந்தது. அதற்குள் பொன்னுத்துரை மைக்கைப் பிடித்துவிட்டார். “சொந்தங்களே, ஒண்ணுமில்ல, மெஷின் கோளாறு. எல்லாரும் உக்காருங்க.” அகரத்து ஆட்கள் உட்காரவில்லை. சீர்த்தட்டுகளைத் திரும்பத் தூக்கப் போகிறவர்கள் மாதிரி நின்றார்கள். சடையாண்டி மட்டும் மேடையில் எழுந்து, மைக் இல்லாமலே சபை முழுக்கக் கேட்கும்படி கேட்டான்.

“ஏத்தா கலா. நீ சொல்லு. மெஷின் கோளாறா?”

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் அடுத்த நிமிஷம் நாற்காலி பறக்கும். அகரத்துக் கூட்டம் கமலக்கண்ணனைத் தூக்கிப் போட்டு மிதிக்கும். பிள்ளைக்குக் காதுகுத்து நடக்காது. அதோடு இன்றைக்கு ராத்திரி அவள் போய்ப் படுக்க வேண்டிய வீடு பொன்னுத்துரையின் வீடு. மேடையில் அருண்பாண்டி பிள்ளையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினான். வாழ்க்கையிலேயே அவன் அவளிடம் இவ்வளவு பேசியது அன்றுதான்.

“ஆமாண்ணே. மெஷின் கோளாறுதான்” என்றாள்.

சொன்ன வாயில் கசந்தது. சடையாண்டி உட்கார்ந்து, மடியை விரித்து, கையை நீட்டினான். பாப்பா வீறிட்டு அழ, ஆசாரி இரண்டு காதையும் குத்தினார். சடையாண்டி பிள்ளை வாயில் சர்க்கரை போட்டான், நெற்றியில் முத்தம் கொடுத்தான், கொண்டுவந்த சீர் எல்லாவற்றையும் ஒன்று குறையாமல் இறக்கச் சொன்னான். பொன்னுத்துரையின் முகத்தில் இளிப்பு தாங்கவில்லை. கமலக்கண்ணனைத் தோளில் தட்டிச் சாப்பாட்டுக்கு அனுப்பினார்.

பந்தி ஆரம்பித்தது. அகரத்துக் கூட்டம் இலையில் உட்காராமல் வேனில் ஏறிக்கொண்டிருப்பதைப் பார்த்துச் சூர்யகலா வாசலுக்கு ஓடினாள்.

“அண்ணே, கை நனைக்காமப் போறீக. சாப்ட்டுப் போங்கண்ணே.”

சடையாண்டி வேன் கதவைப் பிடித்தபடி நின்றான். கோபமாகக் கத்தியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அவன் மெதுவாகப் பேசினான்.

“ஆரத்திக்கு நிக்கிறப்ப அந்தப் பய கமலக்கண்ணன் பக்கத்துலதான் நின்னேன். டிவியில முழுசாத்தான் இருந்தேன். உன் பெரிய மாமன் வந்து காதுல ஓதுனான். இவன் பொட்டியில என்னமோ தட்டுனான். என் மூஞ்சி பாதி வெளிய போச்சு. ரெண்டு பேரும் சிரிச்சாய்ங்க. எல்லாம் பாத்துக்கிட்டுத்தான் மேடை ஏறுனேன்.”

“அண்ணே…”

“அப்பயே திரும்பிருப்பேன். என் தங்கச்சிக்குத் தெரியாம இருக்காது, அவ வாயால சொல்லட்டும்னுதான் அம்புட்டுப் பேரு முன்னால கேட்டேன். நீ சொல்லிருந்தா ஒருத்தனையும் தொட விட்டிருக்க மாட்டேன். சிரிச்சுக்கிட்டே காது குத்தியிருப்பேன்.” அவன் மாலையைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான். “அவய்ங்க பாதிதான் வெட்டுனாய்ங்க. மீதிய நீ வெட்டிட்ட. இனி அகரத்துப் பக்கம் வராத.”

வேன் புகையைக் கக்கிவிட்டுப் போனது. சூர்யகலா மாலையோடு உள்ளே வந்தாள். இந்த வீட்டுக்குப் பயந்து, இந்த மூஞ்சிகளுக்குப் பயந்து, தன்னை ஆளாக்கினவனைச் சபையில் விட்டுக்கொடுத்தோமே என்று அவளுக்குத் தன்மேலேயே காறித் துப்பத் தோன்றியது. மேடை காலியாகக் கிடந்தது. மைக் நாற்காலியில் கிடந்தது. எடுத்தாள்.

“படத்த வெட்டுனது மெஷின் இல்ல” என்றாள். பொன்னுத்துரையின் ஸ்பீக்கர் பெட்டிகள் அவள் குரலைச் சாப்பாட்டுக் கூடம்வரை தெளிவாகக் கொண்டுபோயின. “கமலக்கண்ணன் வெட்டுனான். வெட்டச் சொன்னது எங்க வீட்டுக்காரரோட அண்ணன், பொன்னுத்துரை. எனக்கு அப்பயே தெரியும். தெரிஞ்சே எங்கண்ணங்கிட்ட பொய் சொன்னேன்.”

முன்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். கூடத்து வாசலில் பொன்னுத்துரை தலையை நீட்டினார். கேட்க வேண்டியவர்கள் யாரும் மண்டபத்தில் இல்லை என்று தெரிந்ததும் கோபப்படக்கூட மெனக்கெடாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திரும்பிப் போனார். அகரத்து வேன் அதற்குள் தாடிக்கொம்பு ரோட்டில் ஏறியிருக்கும். இரண்டாம் பந்தியிலிருந்து யாரோ ஒருவர், இந்தப் பக்கம் எலும்புக் குழம்பு இன்னும் வரவில்லை என்று சத்தம் போட்டார். வாளியைத் தூக்கிக்கொண்டு கமலக்கண்ணன் ஓடினான்.