டாக்டரம்மா போட்ட ‘உம்’

ஐந்தாம் மாத ஸ்கேனில், பிள்ளைக்கு மண்டை ஓடே வளரவில்லை என்றார்கள். பிறந்தாலும் பிழைக்காது, கலைத்துவிடுவதுதான் வழி என்றார்கள். பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து தருமபுரிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன். ஒன்றரை நாள் பிரசவ வலியேதான், ஒரு குறையும் இல்லை.

அது முடிந்து என்னைப் படுக்கப் போட்டதோ பிள்ளை பெற்றவர்களின் வார்டில். பக்கத்துக் கட்டில் குழந்தை வீலென்று கத்தியதும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நர்சம்மா வந்து கேஸ் சீட்டைப் புரட்டினார்.

“மொத ரெண்டும் பொண்ணா? தெரியுது உங்க கதை. நீயே கையெழுத்துப் போட்டுட்டு இப்ப யாருக்குக் காட்ட அழுவற?”

அடிப்பாவி! ஸ்கேன் ரிப்போர்ட்டும் அவர் கையில்தான் இருந்தது. அதைத் திருப்பிப் பார்க்கக்கூட அவருக்கு மனம் வரவில்லை. பெண் என்று தெரிந்து கலைத்தவர்கள் எங்கள் பக்கம் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். அதற்காக, வருகிறவள் எல்லாருமா அந்தக் கூட்டம்?

மறுநாள் டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்தார். ரத்தப்போக்கு, காய்ச்சல், வலி எல்லாம் கேட்டார். மனசு எப்படியிருக்கிறது என்று கேட்கும் வழக்கம் அங்கே கிடையாது. நானே வாயைத் திறந்தேன்.

“இது என்னாலதான் ஆச்சுங்களா மேடம்?”

“சத்து மாத்திரையெல்லாம் ஒழுங்கா போட்டியா?”

“மூணாம் மாசம் வாந்தி தாங்காம பத்து நாளு போடலைங்க.”

“உம்” என்றார். ஏதோ எழுதினார். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அது போதாதா? என் பிள்ளையை நானே கொன்றுவிட்டேன் என்று நான்கு வருடம் வெந்து செத்தேன். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. இன்னொன்று பெற்றுக்கொள்ளலாம் என்று அவர் வாயெடுத்தபோதெல்லாம் எரிந்து விழுந்தேன்.

போன மாதம், பக்கத்து வீட்டுப் புதுப்பெண்ணுக்கு அதே சத்து மாத்திரை கொடுக்க எங்கள் ஊர் நர்ஸ் வந்திருந்தார். நானும் அங்கேதான் நின்றிருந்தேன்.

“இன்னும் ஒண்ணும் ஆவலைங்களே, இப்பவே எதுக்குங்க?” என்றாள் அந்தப் பெண்.

“புள்ளைக்கு மண்டையும் முதுகும் மொத மாசத்துலயே கூடிரும்மா. அப்புறம் போட்டா அதுக்கு உதவாது. அதான் முன்னாடியே தர்றோம்.”

நான் விட்டது மூன்றாம் மாதத்தில். அதற்குள் எல்லாம் ஆகிவிட்டிருந்தது. ஊர் நர்சுக்குத் தெரிந்தது அவ்வளவு படித்த டாக்டரம்மாவுக்கா தெரியாது? ‘உன்னால இல்லம்மா’ என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? நாசமாய்ப் போக! வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நான்கு வருடத்தில் அன்றுதான் செத்துப்போன என் பிள்ளைக்காக அழுதேன்.