பச்சைமலையில் படுக்க வந்தவர்கள்

காலை ஆறு மணி, ஒன்பது டென்ட், சாதிக். வேலைக்குச் சேர்ந்த அன்று சத்திரம் பஸ் ஸ்டாண்டில் என் கண்ணில் பட்ட நிறுவனம் முழுவதும் இவ்வளவுதான். வீட்டில் நல்ல மெத்தை வைத்திருப்பவர்களை மலைக்குக் கூட்டிப்போய்த் தரையில் படுக்கவைத்து, மறுநாள் காலை அவர்கள் வாயாலேயே 'நல்லாயிருந்தது' என்று சொல்லவைப்பதுதான் கேம்ப் தொழில். லாட்ஜ், கல்யாண மண்டபம், மெஸ் என்று அடுத்தவர் தூக்கத்துக்கும் சாப்பாட்டுக்கும் பொறுப்பேற்றுக்கொண்ட புண்ணியவான்கள் உங்களில் யாராவது இருந்தால் மேலே படியுங்கள். புதிதாக ஒன்றும் கிடைக்காது. துணைக்கு ஆள் இருக்கிறது என்பது மட்டும் தெரியவரும்.

திருச்சியில் ஒரு நாளிதழில் முப்பது வருடத்துக்குமேல் துணையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வீடு ஸ்ரீரங்கம். விளம்பரத்துக்கு நாலு வரி வேண்டும் என்று சாதிக் வந்தார். எழுதிக் கொடுத்தேன். "அப்படியே போனையும் நீங்களே எடுத்துப் பேசிடுங்க சார்" என்றார். இப்படித்தான் மேனேஜரானேன்.

சாதிக் பாலக்கரைக்காரர். கத்தாரில், பாலைவனம் பார்க்க வருபவர்களுக்கு டென்ட் போட்டுக் கொடுக்கும் கேம்ப் ஒன்றில் எட்டு வருடம் சூப்பர்வைசர். இந்த முறை தையில் லீவில் வந்து இறங்கியபோது, நாலு வயது மகள் ஆயிஷா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னாளாம்: "அத்தா போன்ல இருக்கிறதவிட ரொம்ப உயரமா இருக்காங்க." அப்போதே, இனிப் போவதில்லை என்று சாதிக் முடிவெடுத்துவிட்டார். ஆனால் முடிவெடுப்பது வேறு, பிழைப்பது வேறு. ஆறு மாதத்துக்குமேல் வெளியே இருந்தால் கத்தார் விசா செத்துவிடும். ஆடியில் கெடு. அதற்குள் பச்சைமலை கேம்ப் காலூன்றினால் இங்கேயே. இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அவரும் மனைவி மும்தாஜும் பேசி வைத்துக்கொண்டது இது.

இடம் செல்லமுத்துவுடையது. மலையிலேயே பிறந்து வளர்ந்தவர், மரவள்ளியும் பலாவும் வைத்திருக்கிறார். இடம் அவருக்கு, டென்ட் சாதிக்குக்கு என்று கூட்டு. துறையூர் வழியாக வந்த வேனிலிருந்து மூட்டைகளை இறக்கிப் பிரித்தபோது அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: "வீடு இல்லாதவங்கதான் துணிக்குள்ள படுப்பாங்க. இவங்களுக்கு என்ன கஷ்டம் சார்?"

தலைமாடு எந்தப் பக்கம்?

பங்குனியில் வந்த முதல் கூட்டம் என் ஊர்க்காரர்கள். ஸ்ரீரங்கம் உத்திர வீதியிலிருந்து ஒரே குடும்பம், வேன் நிறைய. சாதிக் ஓடைக்கரைச் சரிவில் டென்ட்களை வரிசையாக அடித்து, வாசல் ஓடையைப் பார்க்க, மேட்டுப் பக்கம் தலையணை போட்டு அழகாக வைத்திருந்தார். குடும்பத் தலைவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். டென்ட்டுக்குள் குனிந்து பார்த்தார். போனில் திசைகாட்டியைத் திறந்தார். முகம் மாறிவிட்டது. மேட்டுப் பக்கம் வடக்கு. வடக்கே தலை வைத்து யார் படுப்பார்கள்? எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், அத்தனை பேரும் தலையணையைத் தூக்கித் தெற்கே போட்டுக்கொண்டார்கள். அதாவது பள்ளத்தில் தலை, மேட்டில் கால்.

காலையில் காபிப் பாத்திரத்தோடு போனேன். ஒவ்வொரு டென்ட் வாசலிலும் இரண்டிரண்டு தலைகள் வெளியே புல்லில் கிடந்தன. தூக்கத்திலேயே வழுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். சாதிக் ஓடிவந்து பார்த்தார். பாலைவனத்தில் மணலைத் தட்டிச் சமமாக்கி டென்ட் அடித்துவிடுவார்கள், தலைமாடு எது என்று எட்டு வருடத்தில் ஒருவர் கேட்டதில்லை. குறுக்காக மேற்கே தலை வைத்தால் சரிப்படுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். மேற்கு அவருக்கும் சௌகரியம்தான், தொழுகையில் முகம் வைக்கும் கிப்லா பக்கம் கால் நீட்டிப் படுக்க அவருக்கு மனசு வராது. வாத்தியார் பிடரியைத் தேய்த்துக்கொண்டே யோசித்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்: "பெருமாளே மேற்கே திருமுடி வெச்சுண்டுதான் சயனிச்சிண்டிருக்கார். எங்களுக்கு அதுக்குமேல என்ன வேணும்? ஆனா, உருளாம மட்டும் பாத்துக்கோங்கோ!"

சலசல

உருளாமல் இருப்பதற்காகச் சாதிக்கும் செல்லமுத்துவும் ஒரு வாரம் மண்வெட்டியோடு நின்று சரிவைப் படிப்படியாக வெட்டிச் சமன் செய்தார்கள். தரை சரியானதும் தண்ணீர் போய்விட்டது.

'சலசலக்கும் ஓடைக்கரையில்' என்று விளம்பரத்தில் எழுதியவன் நான். எழுதியபோது ஓடை சலசலத்துக்கொண்டுதான் இருந்தது. சித்திரையில் பாறைகளுக்கு நடுவே ஒரு எருமை படுக்கும் அளவுக்குக் குட்டையாகச் சுருங்கிவிட்டது. பத்திரிகையாக இருந்தால் மறுநாள் உள்பக்கத்தில் ஒரு திருத்தம் போட்டுத் தப்பித்துவிடலாம். இங்கே வாசகர் நம் சட்டையைப் பிடிக்கும் தூரத்தில் நிற்கிறார். ஓடை எப்படி இருக்கிறது என்று போனில் கேட்டவர்களிடம் உண்மையைச் சொன்னேன், பாதிப் பேர் வரவில்லை. "ஆடி வரைக்கும் தாங்குமா சார்?" என்று சாதிக் முதல் தடவையாகக் கேட்டது அந்த வாரம்தான்.

கேட்காமலே வந்தவர் தொட்டியத்து வாழைத்தோட்டக்காரர் ஒருவர். பிள்ளைகள் கையில் நீச்சலுக்கு ரப்பர் டியூப். ஓடையைப் பார்த்ததும் அவர்கள் அழ ஆரம்பிக்க, அருவிக்குக் கூட்டிப்போகிறேன் என்று சாதிக் காட்டுக்குள் நடத்திக்கொண்டு போனார். நானும் போனேன். வெகுதூரம் ஏறி இறங்கி, அருவி இருந்த இடத்தைக் காட்டினார். பாறையில் ஈரம் மட்டும் இருந்தது. தோட்டக்காரர் அதன்மேல் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார். திட்டப்போகிறார் என்று இருவரும் தயாராக நின்றோம். "விடுங்க சார், எங்க காவேரியிலயும் இப்ப தண்ணி இல்லதான். ஆனா அங்க மணலாவது இருக்கு."

ஃபேன்

காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருப்பவர் குடும்பத்தோடு வந்தார். லாரி, மூட்டை, ஏலம் என்று விடியுமுன்பே இரைச்சலில் வாழ்பவர். அமைதியாக இரண்டு நாள் இருக்க வேண்டும் என்று சொல்லித்தான் இடம் பிடித்தார். அந்த அமைதி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சத்தமே இல்லாமல் காதை அடைக்கிறது என்றார். அவர் மனைவி போனைத் தலைமாட்டில் வைத்து, வீட்டிலிருந்தே பதிவுசெய்து கொண்டுவந்த ஃபேன் சத்தத்தை ஓடவிட்டார். ஐயா குறட்டை விட ஆரம்பித்துவிட்டார். பக்கத்து டென்ட்காரர் இருட்டில் டார்ச்சோடு எழுந்து வந்ததைப் பார்த்து, சண்டைக்குத்தான் வருகிறார் என்று நான் எழுந்து ஓடினேன். அவர் கேட்டது வேறு: "இன்னும் கொஞ்சம் கூட்டி வையுங்கம்மா. காத்து வேணாம், சத்தம் மட்டும் போதும்."

சிக்னல் பாறை

எங்கள் கேம்ப்பில் போன் பேசக் கிடைக்கும் ஒரே இடம், பாதை திரும்பும் முனையில் இருக்கும் பாறை. நாலைந்து பேர் ஒட்டி நிற்கலாம். அதனால் அங்கே யாருக்கும் ரகசியம் கிடையாது. மருமகள் சமாசாரம், பத்தியச் சாப்பாடு, பக்கத்து வீட்டு வேலிச் சண்டை என எல்லாம் எல்லோருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் சாதிக் துறையூர் போய் ஜும்மா தொழுதுவிட்டு வருவார். மாலையில் பாறைக்கு வந்து நிற்பார். கத்தார் மேனேஜர் கூப்பிடுவார். பாலக்காட்டுக்காரர், நல்ல மனிதர். அதட்டமாட்டார். "சாதிக், எப்ப வரீங்க?" என்று மட்டும் கேட்பார். சாதிக் "கொஞ்சம் பொறுங்க சார்" என்பார்.

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை பாறையில் கூட்டம். சாதிக் பேசி முடித்ததும் தில்லைநகர்ப் பையன் ஒருவன், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவன், தாங்காமல் சொன்னான்: "நான்லாம் விசா கிடைக்காம நாயா அலையிறேன். கையில இருக்கிறத விடுறீங்களேண்ணே!" சாதிக் சிரித்து மழுப்பினார். தோழிகளோடு வந்திருந்த உறையூர் அம்மாள் ஒருவர், பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், தன் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பினார். "எங்க வீட்டுக்காரர் பன்னண்டு வருஷம் மஸ்கட்ல இருந்தாரு. திரும்பி வந்தப்ப, எனக்கு அவரோட சண்டை போடக்கூடத் தெரியல தம்பி."

காட்டுப் பாதை

விளம்பரத்தில் நான் 'அடர்ந்த வனப்பாதையில் நடைப்பயணம்' என்று எழுதியிருப்பது, உண்மையில் செல்லமுத்து தன் மாமியார் வீட்டுக்குப் போகும் வழி. கல்யாணமான நாளிலிருந்து அவர் கால் பட்டுத் தேய்ந்த பாதை. இப்போது மாமியாரோடு பேச்சு இல்லை, ஏதோ பலா மரத் தகராறு. ஆனால் வேறு பாதையும் இல்லை. ஆகவே பூட்ஸ், ஊன்றுகோல், முதுகுப் பை சகிதமாக வருபவர்களை அந்த ஊர் எல்லை வரை கூட்டிப்போவார். நேராக நடந்தால் ஒரு ஓட்டு வீடு வரும், தண்ணீர் கேளுங்கள், கொடுப்பார்கள் என்று அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்வார்.

ஆனியில் வந்த ஒரு கல்லூரிக் கூட்டம் அங்கே போய் மோரும் பலாச்சுளையுமாகச் சாப்பிட்டுவிட்டு வெகுநேரம் கழித்துத் திரும்பியது. அதில் ஒரு பெண் என்னிடம் உற்சாகமாகச் சொன்னாள்: "அந்த ஆயா 'எங்க மாப்பிள்ளை எங்கே'ன்னு கேட்டாங்க சார். மரத்துக்குப் பின்னாடி நிக்கிறாருன்னு சொல்லிட்டோம்."

ஓட்டுக்கு அடியில்

அந்தக் கூட்டம் இருந்தபோதே மழை பிடித்துக்கொண்டது. சாதிக் டென்ட்களைச் சுற்றி வாய்க்கால் வெட்டி, கயிறுகளை இழுத்துக் கட்டி, ஒரு சொட்டு உள்ளே வராது என்று மார்தட்டினார். வரவும் இல்லை. ஆனால் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு செல்லமுத்து வந்தார். ஒவ்வொரு டென்ட்டாகத் தட்டி, எல்லோரையும் தன் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். பிள்ளைகள் கூடத்தில் வரிசையாகப் படுத்துக் கதை பேசினார்கள். ஒன்பது டென்ட்டும் காய்ந்தபடி காலியாகக் கிடந்தன.

சாதிக்குக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "ஆடி நெருங்கிடுச்சு முத்தண்ணே. டென்ட்ல ஆளு படுத்தாதான் நான் இங்க இருக்க முடியும். நீங்களே கூட்டிட்டுப் போனா எப்படி?" என்று கேட்டார். செல்லமுத்து தலைக் குல்லாயாகப் போட்டிருந்த சாக்கைப் பிழிந்துகொண்டே பதில் சொன்னார்: "அதெல்லாம் சரி பாய். பெத்தவங்க நம்பி அனுப்பின புள்ளைங்க துணிக்குள்ள நடுங்குது, நான் ஓட்டுக்கு அடியில படுத்தா எனக்குத் தூக்கம் வருமா?"

மும்தாஜ்

ஆடி பிறந்தது. சனி, ஞாயிறு நிறைந்துவிடும். மற்ற நாட்களில் நானும் சாதிக்கும் காற்றும்தான். காலூன்றிவிட்டோமா, இல்லையா என்று சொல்லத் தெரியாத நிலைமை. அந்த நேரம் பார்த்துக் கத்தார் மேனேஜர் சாதிக்கின் போனுக்கே டிக்கெட்டை அனுப்பிவிட்டார். சாதிக் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. பாலக்கரை வீட்டில் பரணிலிருந்து பெட்டி இறங்கிவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல், ஆயிஷாவை இடுப்பில் வைத்துக்கொண்டு மும்தாஜ் பஸ்ஸில் வந்து இறங்கினார். அதுவரை அவர் மலைக்கு வந்ததில்லை. வரிசையாக டென்ட்களைப் பார்த்துக்கொண்டே வந்து, சாதிக் தங்கும் கடைசி டென்ட்டில் நின்றார். உள்ளே ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு டம்ளர். கயிற்றில் இரண்டு சட்டை. அப்படியே நின்று பார்த்தார். சாதிக் வெளியே முளை அடித்துக்கொண்டிருந்தார்.

"அங்கேயும் டென்ட், இங்கேயும் டென்ட். வாரத்துல ஒரு நாள் வீட்டுக்கு வரீங்க. எனக்கு என்னங்க வித்தியாசம்?"

சாதிக் நிமிரவில்லை. "இங்கேருந்து பஸ் இருக்கு மும்தாஜ்."

ஆயிஷா இதற்குள் இறங்கி ஓடி, செல்லமுத்து கையைப் பிடித்துக்கொண்டு பலா மரம் ஏறிக் காட்டச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாலையில் எல்லோரும் பாறைக்குப் போனோம். எனக்கு ஞாயிற்றுக்கிழமைக்கு இடம் கேட்டு வரும் அழைப்புகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. சாதிக் போன் அடித்தது. காதில் வைத்தார். "சார்..." என்றார். அதற்குமேல் வரவில்லை. எதிர்முனையில் கத்தார் மேனேஜர் டிக்கெட்டைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருப்பது எனக்கே கேட்டது. காற்று வீசியது, சாதிக் போனை மறு காதுக்கு மாற்றி மறுபடியும் "சார்..." என்றார். மும்தாஜ் கையை நீட்டி போனை வாங்கிக்கொண்டார். முக்காட்டை இழுத்துவிட்டு, சலாம் சொல்லி, நிதானமாகச் சொன்னார்: "அவங்க வர முடியாதுங்க சார். இங்க லீவு கிடைக்கல."

போன ஆடிப் பதினெட்டு அன்று சாதிக்கின் கத்தார் விசா காலாவதியானது. காற்றில் டென்ட்களை ஆளுக்கொரு கயிறாகப் பிடித்துக்கொண்டு நின்றதில் எங்களில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.