பூந்தொட்டி இருக்கும் இடம்

சபை நோட்டீஸின் பின்பக்கத்தில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட நான்கு கட்டங்கள். ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு. அண்ணியை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவர் முகமல்ல, அந்தக் கட்டங்கள்தான். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்தார். எந்தப் படம் போட்டாலும் முதலில் சின்னக் கட்டத்துக்குள் பென்சிலால் கிறுக்கிப் பார்ப்பார். யார் எங்கே நிற்பது, எவ்வளவு இடம் விடுவது எல்லாம் அதிலேயே முடிவாகிவிடும். "தப்பையெல்லாம் சின்னதுலயே பண்ணி முடிச்சிடணும் தம்பி" என்பார்.

எண்பதுகளின் கடைசியில், சண்டே கிளாஸ் அறைச் சுவரில் மாட்ட, இயேசுவைச் சுற்றிப் பிள்ளைகள் நிற்கிற படம் ஒன்று வேண்டும் என்று சபையில் கேட்டார்கள். அதற்கு முந்தின வருஷம்தான் அண்ணனின் ஒரே பையன், நாலு வயது, மூளைக்காய்ச்சலில் போய்விட்டிருந்தான். அண்ணி மறுத்துவிடுவார் என்றுதான் நினைத்தோம். உடனே ஒத்துக்கொண்டார். முதல் கட்டங்களைப் பார்த்ததும் காரணம் புரிந்துவிட்டது. ஒன்றில் பையன் இயேசுவின் மடியில். ஒன்றில் அங்கியைப் பிடித்துக்கொண்டு. இன்னொன்றில் எல்லாருக்கும் பின்னால் எட்டிப் பார்த்தபடி. முகம் மிளகு அளவுதான். ஆனாலும் அவன்தான். இடது பாதத்தை உள்பக்கம் திருப்பி நிற்பது வேறு யார்?

அண்ணன் அதைப் பார்த்துவிட்டு அன்று சாப்பிடவில்லை. "வாராவாரம் அவன சுவத்துல பாத்துக்கிட்டு என்னால உக்கார முடியாது. வேணாம்மா" என்றார். அதட்டவில்லை, கெஞ்சினார். அண்ணி தாள்களை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பிறகு எதையும் எங்களுக்குக் காட்டவில்லை, வரைவதை மட்டும் நிறுத்தவில்லை.

பெரிய படம் முடிந்ததும் நான்தான் முதலில் பார்த்தேன். அப்போது நான் கிண்டியில் ஒரு கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். கோடும் அளவும் எனக்குத் தெரியாததா என்ற நினைப்பு வேறு. படத்தில் பையன் இல்லை. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. ஆனால் இயேசுவின் வலது கைக்குக் கீழே வெறும் மண் தரை. பிள்ளைகள் எல்லாரும் அங்கே கொஞ்சம் விலகி நின்றார்கள். என் வாய் சும்மா இருக்குமா? "பேலன்ஸ் இல்ல அண்ணி. இந்த இடம் மட்டும் காலியா தெரியுது. ஒரு பூந்தொட்டி வெச்சிடுங்க" என்றேன்.

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "காலியாவா தெரியுது?" என்று கேட்டார். "நல்லாவே தெரியுது" என்றேன்.

மறுநாள் அங்கே செம்பருத்தி பூத்த தொட்டி ஒன்று இருந்தது. சபையில் எல்லாரும் தொட்டியைத்தான் புகழ்ந்தார்கள். அது என் யோசனை என்று நானும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இன்று அண்ணனும் இல்லை, அண்ணியும் இல்லை. படம் மட்டும் அதே சுவரில் இருக்கிறது.

படம் மாட்டிச் சில மாதம் கழித்து, வீட்டில் வெள்ளையடிப்பதற்காக அலமாரியை நகர்த்தியபோது மீதிக் கட்டங்கள் கிடைத்தன. தாள் தாளாக, எல்லாவற்றிலும் அதே கை, அதே பிள்ளைகள். கைக்குக் கீழே மட்டும் ஒன்றுமில்லை. அந்த இடம் ஒன்றில் அகலமாக இருந்தது, ஒன்றில் குறுகலாக. நாலு வயதுப் பையன் நிற்க எவ்வளவு இடம் வேண்டும் என்று திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறார். அண்ணனுக்காக அவனை எடுத்துவிட்டு, அவன் இடத்தை மட்டும் வைத்திருந்திருக்கிறார். அதை அடைக்கச் சொன்ன புத்திசாலி நான்.

தாள்களோடு சமையலறை வாசலில் போய் நின்றேன். "அந்தத் தொட்டிய சுரண்டி எடுத்துடலாம் அண்ணி. நானே எடுக்கறேன்" என்றேன். அழுகை வந்துவிட்டது. அவர் கல்லில் இருந்த தோசையைத் திருப்பிவிட்டுத்தான் பேசினார்.

"வேணாம் தம்பி. அந்த எடம் காலின்னு உங்களுக்கே தெரிஞ்சிடுச்சுன்னா உங்க அண்ணனுக்குத் தெரியாம இருக்குமா? அவர் வாராவாரம் அங்க உக்காரணும்ல. அதான் மூடிட்டேன்." அடுத்த தோசைக்கு மாவை ஊற்றினார். "ஆனா, காலியா தெரியுதுன்னு நீங்க சொன்னப்போ எனக்கு ஒரு மாதிரி சந்தோஷமாத்தான் இருந்துச்சு. அவன் இல்லாதது இன்னொருத்தர் கண்ணுலயும் பட்டுச்சுல்ல."