மயில்கழுத்து நிறத்தில் ஒரு ஜோடி சாக்ஸ்

நனைந்த கம்பளி வாசம் தெரியுமா உங்களுக்கு? மழையில் நின்ற ஆட்டை அலமாரிக்குள் பூட்டி வைத்த மாதிரி இருக்கும். என் முதல் உத்தியோகத்தின் வாசம் அதுதான்... மேசைக்கு மேலே மை வாசம், மேசைக்குக் கீழே ஆட்டு வாசம்.

மலாக்கா ஆற்றோரம் ஒரு துரையின் ஆபீஸில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, சேர்ந்த புதிது. வெறுங்காலோடு மேசையில் உட்காரக் கூடாது என்பது துரையின் சட்டம். சப்பாத்து வேண்டும், அதற்குள் சாக்ஸ் வேண்டும். நான் வாங்கியது சீமைப் பனிக்காலத்துக்கென்று பின்னிய கம்பளி. துரையே அதைத்தான் போடுகிறார் என்று யாரோ சொன்னதை நம்பினேன்.

நம்ம ஊர் வெயிலில் அது செய்த வேலையை நினைத்தால் இப்போதும் கணுக்கால் அரிக்கிறது. ஒரு காலால் இன்னொரு காலைச் சொறிந்துகொண்டே கடிதம் நகல் எடுப்பேன். உட்கார்ந்த இடத்திலேயே கூத்து ஆடுகிறேன் என்பான் பக்கத்து மேசை மாணிக்கம்.

மாணிக்கம் காஜா பேராங் கம்போங் செட்டிக்காரன்; பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் வந்து தங்கிவிட்ட தமிழ்ச் செட்டிகளின் கிராமம் அது. பெயர் நம்ம பெயர், சாமி நம்ம சாமி, வீட்டில் பேச்சும் சண்டையும் மட்டும் மலாய்.

அவனுடைய மாமா மகள் தெய்வானையை அங்கே கோயில் திருவிழாவில் பூத்தட்டோடு பார்த்தேன். அதற்குப் பிறகு எனக்கு வேறு நினைப்பே கிடையாது. ஆறு மாதம் மாணிக்கத்துக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தபின் ஒருநாள் வழி பிறந்தது. சனிக்கிழமை ஆபீஸ் விட்டதும் வரவேண்டும், வீட்டார் என்னைப் பார்க்கவேண்டுமாம்.

பெண் வீட்டில் போய்ச் சொறிந்துகொண்டு நிற்க முடியுமா? வெள்ளிக்கிழமை சாயங்காலமே கடைத்தெருவுக்கு ஓடினேன்.

ராவுத்தர் கடை. நாங்கள் அவரை நானா என்போம். மூன்று ஜோடி எடுத்துப் போட்டார். பட்டு... அது கவர்னர் காலுக்கு. வெள்ளை நூல்... ஆஸ்பத்திரிக் கட்டு மாதிரி. மூன்றாவது, மயில்கழுத்து நிறம். கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். பூனைக்குட்டி தோற்றது.

"கிராணி, அத ஒரு ராத்திரி உப்புத் தண்ணியில ஊறப்போட்டு, அப்புறம் மாட்டுங்க" என்றார் நானா.

ஊறப்போட்டால் புதுசு என்று எப்படித் தெரியும்? மறுநாள் அப்படியே மாட்டிக்கொண்டேன்.

உண்மையைச் சொல்லவேண்டும், சுகமான சாக்ஸ். ஆபீஸிலிருந்து காஜா பேராங் வரை அந்த மத்தியான வெயிலில் மாணிக்கத்தோடு நடந்தேன். ஒரு அரிப்பு இல்லை. வியர்வை மட்டும்தான்... சப்பாத்துக்குள் தனி ஆறு ஓடியது.

வாசலில் மாவிலைத் தோரணம். படியோரம் தண்ணீர் ஜாடி, கையில் சொம்போடு தெய்வானையின் அத்தை. வெளியிலிருந்து வந்தவர் கால் கழுவித்தான் உள்ளே போகவேண்டும். முன்கூடத்திலேயே சாமி மாடம். சப்பாத்தைக் கழற்றினேன். சாக்ஸை ஒரு விரல் இறக்கிப் பார்த்தேன்...

என் கால் கிருஷ்ண பரமாத்மா கால் ஆகியிருந்தது.

இறக்கியதை ஏற்றிவிட்டேன். இது சுத்தமான துணி, ஆபீஸ் வழக்கம், கழற்றவேண்டாம் என்று என் ஓட்டை மலாயில் அளந்தேன். அத்தை நகரவில்லை. சொம்பும் நகரவில்லை. கதவுக்குப் பின்னால் குசுகுசுவென்று பேச்சு. பிறகு அத்தை மாணிக்கத்தைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"காக்கி சாக்கிட் கா?"

காலில் நோயா என்று கேட்கிறாள். மாணிக்கம் முகம் செத்துவிட்டது. காலில் ஒரு தேமல் இருந்தாலே பெருவியாதி என்று பயந்து சம்பந்தத்தை முறிக்கிற காலம் அது. மூடி மறைக்கிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? என் மானத்தைக் காப்பாற்றினால் தெய்வானை போய்விடுவாள். தெய்வானை வேண்டுமென்றால் மானம் போகவேண்டும்.

படியில் உட்கார்ந்து இரண்டு சாக்ஸையும் உரித்தேன்.

கணுக்கால் வரை நீலமும் பச்சையுமாக இரண்டு கால். அத்தை தள்ளி நின்றே தண்ணீர் ஊற்றினாள். மயில்கழுத்து படியிறங்கி, சாக்கடைக்கு ஊர்வலம் போனது. அவள் ஊற்ற ஊற்ற நான் தேய்க்கிறேன், ஜாடி பாதி காலி, கால் இன்னும் வெளுக்கவில்லை. அத்தை முகமும் தெளியவில்லை.

அப்போது கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு. தெய்வானை எட்டிப் பார்த்து, கீழே கிடந்த சாக்ஸை எடுத்தாள். ஈரக் கட்டைவிரலால் ஒரு தேய், விரலை அத்தையிடம் காட்டினாள். விரலும் மயில்கழுத்து.

"லுந்தூர் சாஜா, அத்தே."

சாயம்தான் போகிறது, வேறொன்றுமில்லை என்றாள்.

அத்தை சொம்பைக் கீழே வைத்தாள். நான் இளம்பச்சைக் காலோடு உள்ளே போனேன்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து என் சாக்ஸுக்குத் தெய்வானைதான் அதிகாரி. வெள்ளை நூல், ஒரு அளவு பெரிசு, மேல்பட்டி இறுக்கக் கூடாது, விரல்நுனியில் தையல் முடிச்சு இருக்கக் கூடாது. கடையில் எல்லார் எதிரிலும் கட்டைவிரலை நனைத்துத் தேய்த்துப் பார்ப்பாள். நான் தெரியாதவன் மாதிரி குடைகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இத்தனை வருஷத்தில் என் கால் ஒருநாளும் அரித்ததில்லை.

போன வாரம் எங்கள் மகளைப் பார்க்க ஒரு பையன் வந்தான். செங் பக்கம் எஸ்டேட் கிராணி. நல்ல பையன், அளந்து பேசுகிறான். இப்போது எங்கள் வாசலில் ஜாடி இல்லை, பின்பக்கம் குழாய் வந்தபின் எடுத்துவிட்டோம். சப்பாத்தைக் கழற்றிவிட்டு நின்றான். நான்தான் பெரிய நாகரிகக்காரன் மாதிரி, "பரவாயில்லை தம்பி, சாக்ஸோடவே வாங்க" என்றேன். வெள்ளை வெளேரென்ற சாக்ஸ். காப்பி குடித்தான், கும்பிட்டான், போனான்.

"எப்படி?" என்று தெய்வானையைக் கேட்டேன்.

"சாக்ஸ் நல்லா இருக்கு" என்றாள்.

சாக்ஸைத் தவிர அவனைப் பற்றி எங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியவில்லை. என்னைப் பற்றி அவளுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது... கணுக்கால் வரைக்குமாவது.

நேற்று பார்க்கிறேன், அந்தப் பழைய ஜாடியைக் கழுவி வாசல் படியோரம் வைத்திருக்கிறாள். பையன் ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருகிறான்.