மச்சான் அழுத புத்தகம்

எங்கள் வீட்டில் பிசிறு வெட்டும் மேசையின் ஒரு காலுக்கு அடியில் ஒரு நாவல் கிடக்கிறது. அந்த இடத்தில் தரை பள்ளம். அட்டையில் காக்கிச் சட்டை போட்ட ஆணும் பெண்ணும் முதுகோடு முதுகு ஒட்டி, ஆளுக்கொரு துப்பாக்கியோடு நிற்கிறார்கள். அந்தப் பெண்ணின் உதட்டுச் சாயம் மட்டும் இத்தனை வருசத்தில் மங்கவேயில்லை. புத்தகத்தைக் கொடுத்தவர் என் பெரிய மச்சான், என் வீட்டுக்காரியின் அண்ணன். பனியன் கம்பெனி முதலாளி. அங்கே தைத்து வரும் பனியன்களுக்கு நூல் பிசிறு வெட்டிக் கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு.

கொடுக்கும்போதே அவருக்குக் குரல் கம்மிவிட்டது. "படிங்க மாப்ள. கண்ணுல தண்ணி வரலீனா என்னைக் கேளுங்க" என்றார். நான் எட்டாவதோடு நின்றவன். ஒரு கிருத்திகை விரத நாளில் எழுத்துக் கூட்டிப் படித்து முடித்தேன். சேர்ந்து வேலை பார்க்கும் இரண்டு போலீஸ்காரர்கள் கடத்தல்காரனைத் துரத்துகிறார்கள், நடுவில் காதலிக்கிறார்கள். வேறு வேறு சாதி. அவளுக்கு வந்த குண்டை அவன் வாங்கிக்கொள்கிறான். கடைசியில் பெற்றவர்கள் மனம் மாறிக் கல்யாணம். எனக்குத் தண்ணீர் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. அத்தனை ஓட்டம் ஓடியும் அந்தப் பெண்ணுக்குப் பசிக்கவில்லை, ஒருமுறைகூட ஒதுங்க இடம் தேடவில்லை. எழுதியவர் போலீஸ்காரியை அட்டைப் படத்தில்தான் பார்த்திருப்பார் போல.

நான் நிஜத்தில் பார்த்தவன். எங்கள் வீடு தாராபுரம் ரோட்டில், அவிநாசிபாளையம் தாண்டி ஒரு வளைவில் இருக்கிறது. மந்திரி வந்தாலும் தேர் வந்தாலும் காலையிலிருந்தே அங்கே போலீஸ் நிற்கும். அப்படி நின்றவர்கள்தான் நான் பார்த்த ஒரு போலீஸ்காரப் பெண்ணும் அவளோடு டூட்டி பார்த்த ஒரு தம்பியும். அந்தப் பிள்ளை குண்டடத்துப் பக்கம், எங்கள் சனம். அந்தத் தம்பி தெற்கத்தி வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர். வெயிலில் நிற்கிற பொம்பளைப் போலீசுக்கு எந்த அதிகாரியும் ஒதுங்க ஒரு மறைப்பு வைத்ததில்லை. அதற்காகவே அவள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் நிற்பாள். அதைக் கண்டுகொண்டது அந்தத் தம்பி ஒருவர்தான். எங்கள் வாசலுக்கு வந்து, "அக்கா, ஒரு செம்பு தண்ணி தாங்கக்கா" என்பார். குடித்து முடித்துத் தலையைக் குனிந்துகொண்டு, "அவங்களும் கொஞ்சம் உள்ள வந்துட்டுப் போகட்டுமா?" என்பார். அவள் வெளியே வரும்வரை அவளுடைய தொப்பியைக் கையில் ஏந்தி, வீட்டுக்கு முதுகு காட்டி ரோட்டைப் பார்த்து நிற்பார். தொப்பியை ஒருநாளும் வாசல் திண்டில் வைத்ததில்லை. என் வீட்டுக்காரி அதைப் பார்த்துவிட்டு, "இது வெறும் டூட்டி இல்லீங்க" என்றாள். அதற்கு மேல் நாங்கள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

தேர்த் திருவிழா வாரத்தில் மச்சான் பனியன் மூட்டை கொண்டு வந்தார். அவர் கண்டது இவ்வளவுதான்: தொப்பியோடு நிற்கும் ஒருவர், உள்ளிருந்து முகம் கழுவி வரும் ஒரு பெண், அவர்கள் பார்த்துக்கொண்ட ஒரு பார்வை. பேரையும் ஊரையும் விசாரித்தார். அன்றைக்கே அவர்களுடைய அதிகாரியிடம் சொன்னார், அவளுடைய அப்பாவுக்குப் போன் போட்டார். நான் பொறுக்கமாட்டாமல், "புத்தகத்தைப் படிச்சுட்டு அழுதீங்களேங்க மச்சான்" என்றேன்.

"அது கதைங்க மாப்ள. இது நம்ம சனத்துப் புள்ளை" என்றார். வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் அவளுடைய அப்பா வந்தார். தொப்பியைக் கழற்றி வீசிவிட்டு வண்டியில் ஏறச் சொன்னார். வேலையும் வேண்டாம், அவனும் வேண்டாம் என்றார். போகிற வருகிற வண்டிகளெல்லாம் நின்று பார்த்தன. அவள் இடத்தை விட்டு நகராமல், "டூட்டி முடியலீங்கப்பா" என்று மட்டும் சொன்னாள். அதன்பிறகு இருவரையும் ஆளுக்கொரு மாவட்டத்துக்குத் தூக்கி அடித்தார்கள். பெற்ற வீடும் அவளுக்குக் கதவைச் சாத்திவிட்டது என்று கேள்விப்பட்டோம்.

நாங்கள் சஷ்டிதோறும் அவர்களுக்காக ஒரு விளக்குப் போட்டோம். குறவர் மகளைத் தேடிக் காடேறிப் போன சாமிக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டுமா? அதே சாமிக்கு நடக்கிற வள்ளி கல்யாணத்துக்கு வருசா வருசம் பந்தல் மச்சான் உபயம். மாலை போட்டு முன்வரிசையில் உட்கார்ந்து அங்கேயும் அழுவார். அழுவதற்கு அவருக்குச் செலவில்லாத காதலாக இருக்க வேண்டும்.

போன வாரம் மறுபடியும் யாரோ பெரியவர் வருகிறார் என்று ரோட்டில் போலீஸ். மச்சான் எங்கள் வீட்டில் உட்கார்ந்து செல்போனில் ஏதோ காதல் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார். தோளில் நட்சத்திரம் வைத்த ஓர் அம்மா, இளம் போலீஸ்காரப் பெண்ணோடு வாசலில் வந்து நின்றார். "அக்கா, இந்தப் புள்ள கொஞ்சம் உள்ள போயிட்டு வரட்டுங்களா?" என்றார். என் வீட்டுக்காரி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் யாரென்று புரிந்துவிட்டது. நட்சத்திரத்தைப் பார்த்த மச்சான் எழுந்து நின்றார், முகத்தைப் பார்க்கவில்லை. போலீஸ் என்றால் தனக்குத் தனி மரியாதை என்று ஆரம்பித்தார். மேசைக்கு அடியில் கிடந்த புத்தகம் அப்போதுதான் கண்ணில் பட்டிருக்க வேண்டும். குனிந்து உருவினார். மேசை சாய்ந்து பனியன்கள் தரையில் சரிந்தன.

"உங்களாட்ட ஆளுங்க கதைதாங்கம்மா. கடைசில ரண்டு பேரையும் சேத்து வெப்பாங்க பாருங்க, நான் அழுதுபோட்டேன்."

அந்த அம்மா அட்டையைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். "படிச்சிருக்கேனுங்க. இதுல யாரும் யாரையும் போட்டுக் குடுக்க மாட்டாங்க. அதனால சீக்கிரமே சேந்துட்டாங்க. எங்களுக்குத்தான் வருசக் கணக்காச்சுங்க."

அப்புறம் என் வீட்டுக்காரியிடம் திரும்பி, "அவரு வெளில நிக்கிறாருங்க அக்கா. இன்னும் தண்ணி கேக்கறதுக்கு வெக்கப்படறாரு" என்றார்.

மச்சான் வாசலை எட்டிப் பார்த்தார். வேப்பமரத்தடியில் லேசாக நரைத்த ஒருவர், கையில் ஒரு தொப்பியோடு, வீட்டுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டிருந்தார். மச்சானின் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. செல்போனில் மட்டும் யாரோ விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தார்கள்.

என் வீட்டுக்காரி செம்பை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நான் மச்சான் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, பழைய இடத்திலேயே செருகினேன். மேசை ஆடாமல் நின்றது.