கார்புரேட்டரைத் துடைத்த துணி

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். களிமண் ஏற்றி வர, நாலு சக்கரமும் இழுக்கும் பழைய ஜீப் ஒன்று உண்டு. போன மாசியில், வேப்பூரில் மாமனாருக்கு மூச்சு வாங்குவதாக ஆள் வந்து சொல்ல, மனைவியை ஏற்றிக்கொண்டு உடனே கிளம்பினேன்.

ஊரைத் தாண்டியதும் வண்டி இருமிவிட்டு நின்றது. கார்புரேட்டரைக் கழற்றினேன். பெட்ரோல் வரும் துளையில் வெள்ளை மண் அடைத்திருந்தது. ஊதி எடுத்து, பட்டறைத் துணியால் உட்புறமெல்லாம் துடைத்து மாட்டினேன். சிறிது தூரம் ஓடி மறுபடி நின்றது. மறுபடி கழற்றித் துடைத்தேன். வழி நெடுக இதே கதைதான்.

பின்னால் வேப்பூர் பஸ் வந்தது.

"ஏங்க, கையக் காட்டுங்க. இதுல போயிடலாம்" என்றாள் மனைவி.

"இதோ, இப்ப சரியாயிடும்" என்றேன். பஸ் போய்விட்டது.

அடுத்த முறை துடைக்கப் போனபோது அவள் என் கையைப் பிடித்தாள். "அந்தத் துணிய மொதல்ல ஒதறுங்க."

உதறினேன். வெள்ளையாகப் புழுதி பறந்தது. களிமண் கரைசல் வடிகட்டிக் காய்ந்த துணி அது. அடைப்பை எடுத்த கையோடு நானே திரும்பவும் உள்ளே வைத்து மூடியிருக்கிறேன்.

அவள் முந்தானையைக் கிழித்துக் கொடுத்தாள். அதன்பின் வண்டி நிற்கவே இல்லை.

மாமனாரை வாசலில் கிடத்தியிருந்தார்கள். மாமியார் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். "பஸ்ஸு வந்து நின்னப்பகூட, எம் பொண்ணு வந்துட்டாளான்னு கேட்டாருடி."

இப்போது துவைத்த துணியை டப்பாவில் மூடி வண்டியிலேயே வைத்திருக்கிறேன். ஜீப் எங்கும் நிற்பதில்லை. ஆனால் வேப்பூர் போவதென்றால், அவள் என்னிடம் சொல்லாமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிடுகிறாள்.