கத்திக்கும் குப்பிக்கும் நடுவே

2006-இல் ஹைதராபாத்தின் நாச்சாரம் பகுதியில் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் டேட்டா அனலிஸ்டாக இருந்தேன். தொண்டைப் புற்றுநோய் முற்ற முற்ற எந்த ஜீன்களின் வேலை கூடுகிறது, எவற்றின் வேலை குறைகிறது என்று பார்ப்பது எங்கள் ப்ராஜெக்ட். ஆரம்பநிலைக் கட்டியிலிருந்து சிறு பயாப்ஸித் துண்டும், ஆபரேஷனில் முழுசாக வெட்டியெடுத்த முற்றிய கட்டியிலிருந்து திசுவும் வரும். அதை, ஜீன்களின் வேலையை அளக்கும் சிப்பில் ஏற்றிக் கிடைக்கும் எண்களை நான் அலசுவேன்.

எண்களை நிறங்களாகக் காட்டும் முதல் ஹீட் மேப் கோடு கிழித்தாற்போல் வந்தது: ஆரம்பநிலை பச்சை, முற்றியது சிவப்பு. மேலாளர் சபாபதி அதைப் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டினார். திசு அனுப்பிய சர்ஜன், யாருக்குக் குரல்வளையை எடுப்பது, யாருக்கு ரேடியேஷனோடு நிறுத்துவது என்று முடிவெடுக்க என் பட்டியலைக் கேட்டிருந்தார். வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் போக வேண்டும்.

புதன்கிழமை பட்டியலை மறுபடி படித்தேன். மேலே இருந்தவற்றில் பாதி, ஆக்சிஜன் கிடைக்காத செல்லில் விழித்துக்கொள்ளும் ஜீன்கள். புற்றுநோயிலும் அவை கூடும். அதனால் யாருக்கும் உறுத்தவில்லை. ஆனால் உடலிலிருந்து வெட்டி வெளியே வைத்த எந்தத் திசுவிலும் அவை கூடும்.

ஆபரேஷன் தியேட்டரிலிருந்து திசு வாங்கி வருபவர் ஷகீலா. மூன்று தலைமுறையாக ஹைதராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம்; 'ஆமா'வுக்கு 'ஹவ்' என்பார். எல்லாத் திசுவும் உடனே, செல்லின் வேலையை அப்படியே உறைய வைக்கும் திரவக் குப்பிக்குள் போகிறதா என்று அவரிடம் கேட்டேன்.

"சின்ன பயாப்ஸி போயிரும், ஹவ். பெருசு எப்படிண்ணா போகும்? முதல்ல ட்ரேல வெச்சு வீட்டாளுங்களுக்குக் காட்டுவாங்கல்ல? ஒரு தடவை பெரிய மருமகன் டீ குடிக்கப் போயிட்டாரு. அவரு வர்ற வரைக்கும் நான் ஐஸ் பெட்டியோட நின்னேன்."

சபாபதியிடம் போனேன்.

"ஏம்ப்பா, நீ போட்ட லிஸ்ட்டை நீயே தப்புங்கறியா?"

"ஆமா சார். இத நம்பிக் குரல்வளைய எடுத்துட்டா, திருப்பி வைக்க முடியாது."

சர்ஜனுக்கு அவரே போன் செய்தார்.

அடுத்து வந்த முற்றிய கட்டியில் இரண்டு துண்டு கேட்டோம்: வெட்டியவுடன் ஒன்று, உறவினர்கள் பார்த்த பிறகு ஒன்று. என் ப்ரோக்ராம் முதல் துண்டை ஆரம்பநிலை என்றது; இரண்டாவதை முற்றியது என்றது. ஒரே நோயாளி, ஒரே கட்டி. நாங்கள் அளந்தது நோயின் வளர்ச்சியை அல்ல, மருமகனின் டீயை.

சர்ஜன் கோபித்துக்கொள்ளவில்லை. உறவினர்களுக்குக் காட்டும் வழக்கத்தையும் நிறுத்தவில்லை. முதலில் பட்டாணி அளவு துண்டு குப்பிக்குள், பிறகுதான் ட்ரே வெளியே என்று மாற்றினார். எல்லாத் திசுவையும் புதிதாக எடுத்து முடிக்க ஒரு வருடம் ஆயிற்று. பட்டியல் மிகவும் சுருங்கியது. மிஞ்சிய ஜீன்கள், பிறகு எத்தனை முறை சோதித்தும் மாறவில்லை.

ஜீன் எக்ஸ்பிரஷன் என்பது அந்த நிமிடத்தில் செல் செய்துகொண்டிருந்த வேலையின் பதிவு. அதனால் இன்றும் எந்த டேட்டா வந்தாலும் நான் முதலில் தேடுவது, ஷகீலா அன்று திசுப் பதிவேட்டில் பேனாவால் கோடு போட்டுச் சேர்த்தது போன்ற இரண்டு கட்டங்களை: வெட்டிய நேரம், குப்பியில் போட்ட நேரம். அவை காலியாக இருந்தால் ஃபைலைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.